பெர்மிற்றில் ஒரு பெயருக்குத்தான் இடம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
12.3.1963

மகள் ஜெகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இங்கே நல்ல சுகம், உன் சுகத்தையும் அறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. அம்மா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கு ஒருவர் முகத்தையும் பார்க்க விருப்பமில்லை, உன் தங்கை விமலேஸ்வரி நேற்றுவரை எங்களோடு கதைக்கவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். கொழும்பில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு உன் பெயரே தெரியாது என்று பெருமையாகச் சொன்னவள் நீ.

வருகிறேன் என்று எழுதியபோது யோகநாதனும் வருவார் என்று ஒரு வரி எழுதினாய். தாலியும் இல்லை பதிவும் இல்லை, இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எங்கள் கொள்கை என்று அடுத்த வரி. அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போய், மூத்தவள் பதிவுத் திருமணம் செய்துவிட்டாள், மருமகனோடு வருகிறாள் என்று நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். பொய் சொன்னது நான்தான். தர்மபுரத்துச் சிற்றம்பலத்தின் மகனுக்கு விமலாவைப் பேசிக்கொண்டிருக்கிற நேரம், வேறு என்னத்தைச் சொல்வது? பொய்யைச் சொன்ன பிறகு அதற்குச் சோறும் போட வேண்டியிருந்தது. புதுமாப்பிள்ளை முதல்முறை பெண் வீட்டுக்கு வந்தால் கால்மாறுச் சாப்பாடு கொடுக்காமல் விடலாமா என்று அம்மா வளர்த்த சேவல் எல்லாவற்றையும் அடித்து, பலகாரம் சுட்டு, சிற்றம்பலத்தின் வீட்டோடு சேர்த்து இருபது வீட்டுக்குச் சொன்னாள். நீ ஆண்பிள்ளை போலக் கத்தரித்த தலையோடு பஸ்ஸால் இறங்கினாய். நெருப்புக் காய்ச்சலில் முடி கொட்டிவிட்டது என்று அதையும் சமாளித்தோம். உன்னுடைய ஆள் குசினிக்குள் இருந்து வெங்காயம் உரித்ததைப் பக்கத்துக் காணி இராசேஸ்வரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, என்ன அண்ணை, மருமகனை எடுத்தனீங்களோ சமையல்காரனை எடுத்தனீங்களோ என்று கேட்டுச் சிரித்தாள். அதையும் விழுங்கினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, மாட்டுக்கு வைக்கோல்கூட இழுத்துப் போட்டார். அதனால் என் கோபம் குறையவில்லை.

பந்தியில் சிற்றம்பலத்தின் மனைவி, தாலிக்கொடியைக் கழட்டி வைச்சிட்டியோ பிள்ளை என்று கேட்டாள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உன் கொள்கை செத்துப்போயிருக்காது. நீ இலையிலிருந்து நிமிர்ந்து, நாங்கள் கலியாணம் செய்யேல்லை மாமி, செய்யவும் மாட்டம், அப்பா உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டார் என்றாய். சிற்றம்பலம் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தான். இந்த வீட்டிலை கை நனைச்சதே பிழை என்று சொல்லி எழும்பினான். அவனுக்குப் பின்னால் இருபது வீடும் எழும்பியது. மல்லாவியில் அவனுக்கு இன்னொரு குடும்பமும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது இந்தக் குடியேற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டுப் பந்தியிலிருந்து ஒருவரும் எழும்பியதில்லை, நானும் எழும்பியதில்லை. அப்படிப்பட்டவனின் கையை வாசல் படலையடியில் பிடித்து நான் கெஞ்சினேன்.

நீ மறுநாள் உண்மை பேசிய திருப்தியோடு பஸ் ஏறினாய். நாங்கள் இங்கே இருந்தோம். மூன்றாம் நாள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். விமலா கிணற்றடிக்குப் போனால் பெண்கள் கதையை நிறுத்துகிறார்கள். சொல்வது சுலபம், மகளே, சொல்லிவிட்டு அதே இடத்தில் நிற்க வேண்டும். நீ நிற்கவில்லை, அவள் நிற்கிறாள். குளத்திலும் தண்ணீர் குறைவு, சிறுபோகத்துக்குப் பாதி வயலுக்குத்தான் திறப்பார்களாம். அந்தப் பாதியை விதைப்பவளும் அவள்தான்.

நேற்று அந்தச் சம்பந்தத்தைப் பேசிய தரகர் திரும்ப வந்தார். சிற்றம்பலத்துக்கு இப்போது மனம் இளகியிருக்கிறதாம். இது அரசாங்கம் தந்த காணி, துண்டு போட முடியாது, எனக்குப் பிறகு யாருக்கு என்று பெர்மிற்றில் ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு. மூத்தவள் என்று உன் பெயரைக் கொடுத்திருந்தேன். அதை வெட்டி விமலாவின் பெயரைப் போட்டால் நடந்ததை மறக்கலாமாம். இலையை மடித்தவனின் மானம் மூன்று ஏக்கர் வயலோடு சரியாகிவிட்டது. நான் வெட்கத்தை விட்டு விமலாவிடம் கேட்டேன். பத்து நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள். காணியை எனக்கு எழுதுங்கோ அப்பா, வயல் செய்யிறது நான்தானே, ஆனால் அவையின்ரை வீட்டுக்குப் போகமாட்டன், எழுதினது அவையளுக்காக இல்லையெண்டு தரகரிட்டைச் சொல்லிவிடுங்கோ என்றாள். உன்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை கெட்டதும் சொல்லவில்லை. தரகரிடம் நான் அப்படியே சொன்னேன். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை காணிக் கந்தோருக்குப் போய் உன் பெயரை வெட்டுகிறேன். நீ சம்மதிக்க வேண்டியதில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சிவன் உனக்கும் அந்தப் பிள்ளை யோகநாதனுக்கும் நோய் நொடி இல்லாத உடம்பைக் கொடுக்கட்டும். பதில் எழுதுவதென்றால் தபாலட்டையில் எழுதாதே, தபால்காரன் வழியெல்லாம் வாசித்துக்கொண்டு வருவான். உறையில் போட்டு ஒட்டு, மேலே என் பெயரை எழுதாமல் விமலேஸ்வரியின் பெயரை எழுது. இனி இந்த வீட்டுக்கு வருவதென்றால் அவளிடம் கேள். அவள் வா என்றால் வா.

இப்படிக்கு,
உன் அப்பா
க. ஏரம்பு