இருபது மணிக்கு இடிமழை

அன்பு பிரிட்டா,

இங்கே நாங்கள் நலம். நாய் உன் கட்டிலில் ஏறிப் படுக்கும் அளவுக்கு நலம். கோடியாக் தீவின் குளிரிலும் மீன் வாடையிலும் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பா கோதுமை அறுவடையை முடித்துவிட்டார், முதுகு வலிக்கிறது என்கிறார், தூண்டிலைத் தூக்கும்போது மட்டும் வலிப்பதில்லை.

போன வாரம் போனில், "உனக்கு எதுக்கும்மா ஏரோப்ளேன், உனக்குப் பயமே கிடையாதா" என்றாயே, அதற்குச் சனிக்கிழமைதான் பதில் கிடைத்தது. அன்று நான் தனியாக விமானம் ஓட்டி ஆர்டு ஊர் வரை பறந்து திரும்ப வேண்டும். சரியாக முடித்தால்தான் விமானி உரிமப் பரீட்சைக்கு அனுமதிக் கையெழுத்து, இல்லையென்றால் அடுத்த வருஷம் என்று பயிற்சியாளர் லொரெய்ன் கறாராகச் சொல்லியிருந்தாள். காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்தேன். தெற்குக் காற்று, உயரத்தில் கொஞ்சம் மேகம், நம் வட்டாரத்தில் இருபது மணியிலிருந்து இடிமழை. "இடிக்கு முன்னாடி வந்து சேரு" என்றாள் லொரெய்ன். இருபது என்றால் ராத்திரி எட்டு, அதற்குள் பாத்திரமே கழுவி வைத்துவிடுவேன் என்று நினைத்துக் கிளம்பினேன்.

ஆர்டில் உன் அத்தை வோண்டா வறுத்த கோழியும் சோளமுமாக விமான நிலையத்துக்கே வந்துவிட்டாள். "இன்னொரு துண்டு தின்னுட்டுப் போடி, வானம் எங்க ஓடியா போகப்போகுது" என்று இரண்டு மணி தாண்டும்வரை விடவில்லை. ஒருவழியாக எஞ்சினைக் கிளப்பி, ரேடியோவில் அந்த நிலையத்தின் வானிலையைக் கேட்டேன். இயந்திரக் குரல் நேரம் பத்தொன்பது மணி சொச்சம் என்றது. என் கைக்கடிகாரத்தில் இரண்டு மணி சொச்சம். அப்போதுதான் உறைத்தது. வானிலைக்காரர்களுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம், அது கோடையில் நம் கடிகாரத்தைவிட ஐந்து மணி நேரம் முந்தி ஓடும். முதல் பாடத்திலேயே படித்தது. அவர்களுடைய இருபது நமக்குப் பகல் மூன்று! மேற்கே காலிஃபிளவர் போல இருந்த மேகங்களின் உச்சி தட்டையாகப் பரவத் தொடங்கியிருந்தது, அது இடிமேகத்தின் அடையாளம். எஞ்சினை அணைத்தேன்.

"இவ்ளோ வெயிலு காயுது, பயந்தாங்கொள்ளி" என்று வோண்டா சிரித்தாள். பயிருக்கு மருந்து அடிக்கும் விமானக்காரர் தன் கொட்டகையில் என் விமானத்துக்கு இடம் கொடுத்தார். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் மழை வந்தது, ஆனால் வால்நட் அளவு ஆலங்கட்டி. வோண்டாவின் கார்க் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அதன்பிறகு அவள் கோழியை என் பக்கம் நகர்த்தினாள்.

கையெழுத்து போச்சு என்றுதான் லொரெய்னுக்குப் போன் செய்து, தப்பை ஒளிக்காமல் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் காது அடைத்தது. "இந்தத் தப்பப் பண்ணாதவங்க நம்ம கிளப்ல யாரு? முக்காவாசிப் பேரு மேல போன பிறகுல்ல கண்டுபிடிச்சாங்க. காலைல பிளேன பத்திரமா கொண்டா, பேனாவோட நிக்கிறேன்" என்றாள். அப்படியே நின்றாள்.

அதனால், அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நீ கலங்காதே. எனக்கும் பயம் நன்றாகவே வருகிறது, பிரிட்டா. வந்தால் இறங்கி, வோண்டா வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

கடலும் காற்றும் உன்னிடம் இதமாக நடந்துகொள்ளட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், தோழிக்குக் கொடுத்துவிடாமல் நீயே போட்டுக்கொள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா கரின்