அண்ணன் போட வேண்டிய புள்ளி

லுணுகலை,
19.08.2007

அன்புள்ள ஜனகன் அண்ணாவுக்கு,

கம்சலா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கட்டாரில் நீங்கள் நலமாக இருப்பதாக உங்கள் கடிதங்கள் சொல்கின்றன, அதை நம்புகிறேன். உங்கள் கூட்டாளி, என் அண்ணன் தனேசும் உங்களோடு நலமாக இருக்கிறான் என்று அவை சொல்வதைத்தான் நம்ப முடியவில்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி ஊர்ச் செய்தி.

கச்சான் காற்று போட்டு அடிக்கிறது. கீழ் லயத்துக் கருப்பம்மா அக்கா வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்து போய்த் தேயிலைக்குள் விழுந்து கிடக்கிறது. கொழுந்து குறைவு. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் அம்மாவுக்குத் தினமும் ஏச்சு. கோயிலில் ஆடித் திருவிழா நடந்தது. தனேஸ்வரன் என்ற பெயருக்கு அம்மா அர்ச்சனை செய்தார். உங்கள் பெயருக்கும் செய்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் சத்தத்துக்கு முன்னால் கச்சான் காற்றெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஸலீம் நானாவின் சீடிக் கடை அப்படியே இருக்கிறது. கடைக் கண்ணாடியில் நாம் ஒட்டிய விமர்சனத் தாள்களை அவர் கிழிக்கவில்லை. ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மேலே உங்கள் பாராட்டு, நடுவில் என் குறை, அடியில் அண்ணனின் புள்ளி. புதிதாக வரும் பையன்கள் அதைப் படித்துப் பார்த்துத்தான் இன்னமும் ஜப்பான் அனிமேப் படம் வாடகைக்கு எடுக்கிறார்கள். நீங்கள் பாராட்டியதை நம்பி எடுத்தவர்கள் என்னிடம் வந்து சண்டை பிடிக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் "மனதை உருக்கும் காவியம்" என்று எழுதுவீர்களே! அண்ணனோ அதற்கு மேல். கதை எப்படிப் போனால் அவனுக்கென்ன, அதில் காட்டுகிற சாப்பாடு நன்றாக இருந்தால் பத்துக்கு எட்டு. ஆவி பறக்கிற நூடில்ஸ் கிண்ணம் ஒன்று வந்துவிட்டால் ஒன்பது. அவன் போடும் எட்டுகூடத் தனி மாதிரி, மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், இரண்டும் ஒட்டாது.

குறை கண்டுபிடிக்கிற வேலை எப்போதும் எனக்குத்தான். ஒரு சண்டைக் காட்சியில் கூட்டத்தில் நின்ற அதே மொட்டைத் தாத்தா அடுத்த ஊரிலும் நிற்கிறார் என்று நான் கண்டுபிடித்தபோது நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பரிகசித்தீர்கள். செலவை மிச்சம் பிடிக்கப் பழைய படத்தையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். ஆமாம், உனக்குக் கண் அல்ல, பூதக்கண்ணாடி என்று அண்ணன் சொன்னான்.

அந்தக் கண்ணால்தான் உங்கள் கடிதங்களைப் படித்தேன். கோபப்படாதீர்கள்.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு அண்ணன் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அதற்கு முன் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி ஸலீம் நானா கடைக்குப் போன் வரும். அவர் இப்போதும் ஜும்ஆ முடிந்து வந்ததும் வேறு யாரையும் அந்தப் போனைத் தொட விடுவதில்லை. நான் போய் நின்றால், "லைன் சரியில்லாம இருக்கும் புள்ள" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். அண்ணனைத் தூரத்தில் பாலைவனத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே போன் எடுக்காது, வாரக் கடைசியில் மட்டும் அறைக்கு வருகிறான் என்று நீங்கள் எழுதினீர்கள். சரி. வாரக் கடைசியில் அறைக்கு வருகிறவனால் அறையிலிருந்து ஒரு போன் எடுக்க முடியாதா? அப்பா பதுளைக்குப் போய் ஏஜென்சிக்காரனைக் கேட்டார். ஏதாவது என்றால் கம்பனி அறிவிக்கும், அறிவிப்பு வரவில்லை என்றால் நல்லது என்று அர்த்தம் என்றானாம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

பிறகு, வைகாசியில் வந்த கடிதம். "தங்கை கம்சலா நன்றாகப் படித்து முன்னேற வேண்டும் என்று தனேஸ் சொன்னான்" என்று எழுதியிருந்தீர்கள். பிறந்த நாள் முதல் அவன் என்னைக் கம்சலா என்று கூப்பிட்டதே இல்லை. ஏ பூசணி, இல்லாவிட்டால் வாத்திச்சி. நான் படித்து முடித்துத் தை மாதத்திலிருந்து படிப்பிக்கிறேன் என்பதும் அவனுக்குத் தெரியும். போனில் சொல்லிச் சிரித்தோம். ஒரு பாத்திரத்தின் வாயில் அதற்குப் பொருந்தாத வசனத்தை வைத்தால் நான் அதைக் கண்ணாடியில் ஒட்டுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

அடுத்தது படம். ஆனியில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு, போன வாரம் எடுத்தது என்று ஒரு படம் அனுப்பினீர்கள். இரண்டு பேரும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாகக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். அண்ணனின் இடது பெருவிரலில் பிளாஸ்டர். போன தீபாவளிக்கு வந்த படத்திலும் அதே விரலில் அதே பிளாஸ்டர், அதே சட்டை. அம்மா பார்த்துவிட்டு, "பாவம், வேற சட்ட வாங்காம இருக்கான்" என்று கண் கலங்கினார். ஆனால் வெயில் தாங்காமல் மொட்டை அடித்துக்கொண்டேன் என்று வைகாசிக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனிப் படத்தில் எண்ணெய் வைத்து வகிடு எடுத்துச் சீவிய தலையோடு நிற்கிறீர்கள். பழைய படத்தைத் திருப்பிப் போட்டீர்கள் அண்ணா.

இவ்வளவுக்கும் நான் என்னையே திட்டிக்கொண்டேன். சந்தேகப் பேய் பிடித்தவள், போட்டோக் கடையில் படம் மாறியிருக்கும், கடிதம் எழுதும்போது அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார் என்று. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் சமாளித்தேன்.

மேகத்துக்கு மேலே ஊர் இருக்கிற அந்தத் தொடரை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் இரண்டு பேரும் பயணப்படுவதற்கு முன் நாம் மூவரும் சேர்ந்து பார்த்த கடைசித் தொடர் அதுதானே. ரென் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேகத்துக்குள் இறங்கி, அடியிலிருந்து உப்பு எடுத்து வருவான். தங்கச்சி ஹானே மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவன் மூன்று முறை இழுத்தால் அவள் தூக்க வேண்டும். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் தமிழில் வாசிக்க, அம்மாகூடக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாரே. கடைசி டிஸ்க் மட்டும் ஸலீம் நானாவிடம் இல்லை. முடிவு தெரியாமலே விமானம் ஏறினீர்கள்.

அதன் முடிவைத்தான் நீங்கள் சித்திரை முடிவில் எழுதி அனுப்பினீர்கள். அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரரின் கம்பியூட்டரில் கிடைத்தது, தனேசும் நானும் சேர்ந்து பார்த்தோம் என்றீர்கள். கடைசிப் பகுதியில் விளக்குக் கூண்டு பச்சையாக எரிகிறது, ஹானேயின் தலை ரிப்பன் காற்றில் போகிறது, கயிறு மூன்று முறை இழுபடுகிறது, ரென் தொப்பலாக நனைந்து மேலே வந்து சிரிக்கிறான், அவள் அவனை அடிக்கிறாள், இரண்டு பேரும் கைதட்டினோம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் வாசிக்க, "நல்ல காலம், பய வந்துட்டான்" என்று அம்மாவும் சொன்னார்.

கொழும்பிலிருந்து ஸலீம் நானா முழுத் தொடரையும் கொண்டுவந்துவிட்டார். போன ஞாயிறு மத்தியானம் கடைசி டிஸ்க்கைப் போட்டேன். விளக்குக் கூண்டு பச்சையாகத்தான் எரிந்தது. ரிப்பனும் பறந்தது. ஆகவே நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் கயிறு இழுபடவே இல்லை. அவள் காத்திருந்து காத்திருந்து, தானாகவே தூக்குகிறாள். நுனியில் உப்பு மூட்டை மட்டும் வருகிறது. ரென் வரவில்லை. அவள் அழவும் இல்லை. வீட்டுக்குப் போய் அந்த உப்பைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறாள். ஆவி பறக்கிறது. அதோடு முடிகிறது.

இரண்டு கிண்ணம் அண்ணா! அண்ணன் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் அந்தக் கஞ்சியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இருந்திருப்பானா? உங்கள் கடிதத்தில் கஞ்சியே இல்லை. நீங்கள் தனியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

அப்போதும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. சோகமான முடிவென்றால் ஆகாதவர், எனக்காக மாற்றி எழுதினார் என்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் எத்தனை சோக முடிவுகளை நீங்கள் என்னிடம் முன்கூட்டியே போட்டு உடைத்திருக்கிறீர்கள்! ஒன்றையாவது மாற்றியிருக்கிறீர்களா? நான் இப்படிக் குழம்பி உட்கார்ந்திருக்கும்போது அடுப்படியில் இருந்து அம்மா குரல் கொடுத்தார். டீவிச் சத்தம் கேட்டிருக்கிறது.

"கம்சி, அந்தப் பய மேல வந்துட்டானா?" என்று கேட்டார்.

திரையில் அந்த இரண்டு கிண்ணம். நான் வந்துட்டான்மா என்றேன். சிரிக்கிறானா என்று கேட்டார். நனைஞ்சு போய்ச் சிரிக்கிறான், தங்கச்சி போட்டு அடிக்கிறா என்றேன். நீங்கள் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தேன். அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது.

உங்கள் கடிதம் அந்த நிமிஷம்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. அண்ணன் திரும்பி வராத கதையைத் தங்கைக்கு எழுத உங்கள் கை ஓடவில்லை. எனக்கு வாய் வராதது போல. டீவியை நிறுத்தக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது அண்ணா. ஆஸ்பத்திரியா, சிறையா, கம்பனியை விட்டு ஓடி எங்காவது ஒளிந்திருக்கிறானா, அதற்கும் மேலா? மேலே என்று எழுதியதற்கே கை கூசுகிறது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தக் கடிதம் தெரியாது. அண்ணன் தையில் லீவில் வருவான் என்ற நம்பிக்கையில் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். மடுல்சீமையில் இருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. கல்யாணத்தில் மச்சான் முறைக்கு அவன் நிற்க வேண்டுமாம், அவன் வரும் நாளைக் கேட்டு எழுது என்று தினமும் என்னை நச்சரிக்கிறார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இதைக் கொண்டுவருவது ஹுமைத், ஸலீம் நானாவின் தங்கை மகன். கட்டாரில் சாரதி வேலை கிடைத்து வருகிறான். கடிதம் உங்கள் கையில் கொடுக்க. முறுக்கும் மாசிச் சம்பலும் இருக்கிற டப்பாவைத் தனேஸ் அண்ணன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். உங்களைப் போய் இப்படிச் சந்தேகிக்கிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்னேன். அம்மா டப்பா மூடியைத் துணியால் கட்டும்போது, "தின்னுட்டு டப்பாவ தொலைக்காம வச்சுக்கச் சொல்லு" என்றார். அதையும் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தனித் தாள் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டுவதற்கான விமர்சனம். குறை எதுவும் எழுதவில்லை, முதல் தடவையாக. மேலே உங்கள் பாராட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன், எழுதினால் எழுதுங்கள். அடியில் புள்ளி போடும் இடத்தை அண்ணனுக்காக விட்டிருக்கிறேன். அந்தக் கஞ்சிக்கு எத்தனை என்று கேட்டு, அவன் கையாலேயே ஒரு எண் போட்டு வாங்கி அனுப்புங்கள். படுக்கையில் இருந்தால் படுத்தபடி போடட்டும். உள்ளே இருந்தால் காவலரைக் கேட்டாவது வாங்குங்கள். நீங்கள் போடாதீர்கள். அந்த எட்டை உங்களால் எழுத முடியாது.

வீட்டு விலாசத்துக்கு வேண்டாம்; ஸலீம் நானா கடைக்கு அனுப்புங்கள். அந்த இடம் வெறுமையாகவே வந்தால் நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இத்தனை மாதம் தனியாகச் சுமந்தீர்களே, இனி அதில் பாதி என்னுடையது.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களையாவது கடவுள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கயிற்றைப் பிடித்தபடி இருக்கும்
உங்கள் தங்கை,
தங்கராஜா கம்சலா