பன்னீர்ச் செம்போடு நீ நின்ற வாசல்

போன சனிக்கிழமை இங்கே டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி பன்னீர்ச் செம்பை என் பக்கம் உதறி, "வாங்கோ அங்கிள்" என்று சிரித்தாள். நான் கைக்குட்டையை எடுத்து முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தேன். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக அவள் நினைத்திருப்பாள். அந்த மணத்தோடு உள்ளே போய் இருந்து என்னால் சாப்பிட முடியாது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அது எனக்கு உன்னுடைய மணம்.

வெளியே குளிரில் நின்றபோது உன் மகன் லண்டனிலிருந்து தொலைபேசியில் கதைத்தான். "அங்கிள், முப்பத்தோராம் நாளுக்கு அப்பாவின்ரை நினைவு மலர் அடிக்கிறம். அப்பாவின்ரை பழைய சிநேகிதன் நீங்கள்தான் எண்டு அம்மா சொன்னவ. ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

ஓம் என்றேன். அந்தப் பக்கத்தில் எழுத முடியாததை உனக்கு இங்கே எழுதுகிறேன்.

ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் ஒரே தெருவில் இருந்தோம். நீ இறைச்சித் தொழிற்சாலையில், நான் கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்தில். டெனிஷ் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் கோடை விடுமுறைகளில் ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படிப்பு, கோயில், சொந்தக்காரர் என்று காரணங்கள் பல இருந்தன. இடம் ஒன்றுதான், லண்டன். என் மனைவியின் அக்காவும் அங்கேதான் இருந்தாள், ஆகவே மனைவியும் லண்டன் என்றே நின்றாள். லண்டன் வேண்டாம் என்று மாறிக் கதைத்தவன் நீ ஒருவன்தான்.

பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று நாங்கள் இருவரும் போனோம். லண்டனில், ஹரோவில் உன் மனைவியின் தங்கை வீட்டில் தங்கினோம். முன்னறையில் வாடகைக்கு ஒரு தம்பதி, மேலே படிக்கிற பெடியன்கள், வீட்டுக்காரருக்குப் பின்னறை. எங்களுக்குக் குசினியை நீட்டிக் கட்டிய இடத்தில் பாய். உன் மச்சாளின் கணவன் ஒரு வேலையால் வர அவள் இன்னொரு வேலைக்குப் போவாள்; இருவரும் வாசலில் வீட்டுத் திறப்பைக் கைமாற்றிக்கொள்வார்கள், அதுதான் அன்றைய பேச்சு. தெருவுக்குத் தெரு எங்கள் கடை, பச்சை குலையாத முருங்கைக்காய், சனிக்கிழமை தவறாமல் ஏதாவது மண்டபம். நீ என் காதுக்குள் சொன்னாய்: "மச்சான், இங்கை ஆக்கள் இருக்கினம், ஆனா இருக்கிறதுக்கு இடமில்லை."

பிறகு ரயிலேறி வடக்கே ஹடர்ஸ்ஃபீல்ட்டுக்குப் போனோம். மேட்டில் வரிசையாகக் கரி படிந்த கல் வீடுகள், சரிந்து பெய்யும் மழை, பூட்டிக் கிடந்த ஒரு பழைய பஞ்சாலை. முருங்கைக்காய்க்கு லீட்ஸுக்கு ஓட வேண்டும். பஸ் தரிப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி உன்னை 'லவ்' என்று கூப்பிட்டு, ஒரு மின்ட் இனிப்பைத் தந்து, தன் முழங்கால் நோவைப் பற்றிப் பஸ் வரும்வரை கதைத்தாள். நீ பூரித்துப்போனாய்.

"பாத்தியே மச்சான்? ஹொல்ஸ்டெப்ரோவிலை இவ்வளவு வருசமா பஸ்ஸுக்கு நிக்கிறன், ஒரு சனம் வாய் திறந்ததே?"

"நீ திறந்தனியோ?"

"நான் திறந்தா அவங்கள் அடுத்த பஸ்ஸிலையல்லோ போவாங்கள்."

அன்றைக்கே அந்த இரண்டு வீடுகளையும் பார்த்தோம். ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரே சுவர், இரண்டும் விற்பனைக்கு. நீ அந்தச் சுவரை விரலால் தட்டினாய். "நான் இதிலை ரெண்டு தட்டுத் தட்டினா உன்ரை மனுசி தேத்தண்ணி போடவேணும்."

"ஏன், உன்ரை மனுசி போடமாட்டாவோ?"

"அவ போடுற தேத்தண்ணியாலைதானே தட்டுறன்!"

திரும்பி வந்ததும் நீ என்னை முன்னுக்குப் போகச் சொன்னாய். "பள்ளிக்கூடம் தொடங்க முதல் நாங்கள் வந்து நிப்பம்." நான் அதை மனைவிக்குச் சொன்னேன். அவள் நெடுநேரம் யோசித்தாள். "நீங்கள் உங்கடை சிநேகிதனை நம்பிறியள். சரி, நான் உங்களை நம்பி வாறன்" என்றாள்.

கொமூன் வேலையை விட்டேன். வீட்டை விற்றேன். டெனிஷ் மட்டுமே சரளமாகப் பேசிய மகளை மழைக்குள் புதுப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். படித்த படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கினேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் விற்பனைப் பலகை நனைந்துகொண்டே நின்றது. தொலைபேசியில் நீ, வீடு இன்னும் விலைப்படவில்லை என்றாய். பிறகு மகனுக்குப் பரீட்சை என்றாய். ஒருநாள் ஹொல்ஸ்டெப்ரோவில் காற்று எப்படி என்று சும்மா கேட்டேன். "மேற்குக் காத்து மச்சான், ஆளைத் தூக்குது" என்றாய். அதுதான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியாதது. அந்த நேரம் நீ ஹரோவில் இருந்தாய்.

பிறகு லண்டன் போயிருந்தபோது, மனைவியின் அக்கா குடும்பத்தோடு ஹரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, பெண்பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்துக்குப் போனோம். அக்காவின் கணவருக்குத் தெரிந்த வீடு. யாருடைய பிள்ளை என்றுகூட நான் கேட்கவில்லை. மண்டப வாசலில் வேட்டி சால்வையோடு, கையில் பன்னீர்ச் செம்போடு நின்றவன் நீ. எங்கள் ஆட்களில் விருந்தாளி வாசலில் நிற்பதில்லை, வீட்டுக்காரர்தான் நிற்பார்கள். "வாங்கோ, வா..." என்று தொடங்கிய வாய் என்னைக் கண்டதும் நின்றது. கை நிற்கவில்லை. பன்னீர் என் முகத்தில் விழுந்தது.

என் மனைவிதான் முதலில் கதைத்தாள். "எப்ப வந்தனியள் அண்ணை, ஹொல்ஸ்டெப்ரோவிலையிருந்து?"

சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற உன் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "நாங்கள் வந்து அரை வருசமாச்சே! இவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

கார் தரிப்பிடம்வரை நீ என் பின்னால் வந்தாய். கையில் இன்னும் அந்தச் செம்பு.

"மனுசி லண்டன் எண்டு ஒரே பிடியா நிண்டிட்டா மச்சான். உனக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"காத்தைப் பற்றிச் சொல்லத் தெரிஞ்சுதே."

"நீ அங்கை நல்லா இருக்கிறாய் எண்டு நினைச்சன்..."

"போ, வாசலிலை ஆக்கள் வருகினம். தெளிக்க ஆளில்லை."

நான் உன்னோடு கதைத்த கடைசி வார்த்தை அது. அதற்காக நான் வருந்தவில்லை.

லண்டனில் உன் முகம் இருந்தது, வடக்கில் உன் பேச்சு இருந்தது. இரண்டிலும் இருக்க எனக்கு மனம் வரவில்லை. டென்மார்க்குக்கே திரும்புவோம் என்றேன். மனைவி குசினி மேசையில் இருந்தபடி சொன்னாள்: "முதல் சிநேகிதன்ரை சொல்லுக்குப் பெட்டி கட்டினியள். இப்ப அவரிலை உள்ள கோவத்துக்குக் கட்டச் சொல்லுறியள். எங்களுக்காக எப்ப கட்டப்போறியள்?"

அவளும் மகளும் வரவில்லை. நான் தனியே வந்தேன். ஆத்திரம் ஆறினால் போகலாம் என்றிருந்தேன். அது ஆறுவதற்குள் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி, டெனிஷ் கடவுச்சீட்டோடு அங்கே குடியேறும் வழியை அடைத்துவிட்டது. இப்போது என் வீட்டுக்கு நான் விருந்தாளியாகத்தான் போய்வருகிறேன்.

நீ வடக்கைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் உன்னை எப்போதோ மறந்திருப்பேன். எல்லாம் உண்மை. மகள் அந்த ஊர் ராகத்தில் ஆங்கிலம் பேசுகிறாள், அங்கேயே வேலை செய்கிறாள். லண்டனுக்கு மாற்றம் தந்தபோது சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாளாம். "அப்பா, அந்த அங்கிள் சொன்னது சரிதானே" என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள். நல்ல இடம் எதுவென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை என் தலையில் கட்டிவிட்டு, நீ போய் ஹரோவில் அந்தக் குசினி நீட்டிய இடத்தில் படுத்தாய்.

உனக்கென்றிருந்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார மனுசி தனியாக இருக்கிறாள். போன முறை நான் போயிருந்தபோது மத்தியானம் சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. என் மனைவி கேத்தலைப் போட்டு, இரண்டு கோப்பையோடு பின்கதவால் போனாள். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் திட்டம் சொன்னபடியே நடக்கிறது, நீயும் நானும் இல்லாமல்.

உன் மகனுக்கு நேற்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். தொழிற்சாலை, தெரு, உன் பகிடிகள் எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியாக, 'வாசலில் நின்று பன்னீர் தெளித்து வரவேற்றதை நான் உயிருள்ளவரை மறவேன்' என்று எழுதினேன். மிகவும் அழகாக இருக்கிறது அங்கிள் என்று அவன் பதில் போட்டிருக்கிறான். உன் மனைவி வாசிப்பாள். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற அவளுக்கு மட்டும் விளங்கும்.