சாவி இல்லாத அம்மா

மார்ச் 3

என் அக்காவுக்கு,

தையல் எழுதுகிறேன். சிறையின் தையல் கூடத்தில் உட்காரவைத்த நாளிலிருந்து எனக்கு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது. என் வயிற்றில் பிறந்த வாண்டுகூட "தையலு" என்றுதானே கூப்பிடுகிறாள்.

நேற்று அவளை எப்போதும்போல இடுப்பில் தூக்கி வந்து உன்னோடு அனுப்பிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இந்த வயதுக்கு மேல் குழந்தையை உள்ளே வைத்துக்கொள்ள விதியில்லை என்றார்கள். அவள் அப்பா வீட்டில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கூடப் பிறக்காத நீயோ விடுதலையாகி மூச்சு விடுவதற்குள் வந்து நின்றாய். பிறந்த அன்று அவளைத் துடைத்து என் கையில் கொடுத்ததும் நீதான். நன்றி என்று எழுதினால் அடிக்க வருவாய். எழுதிவிட்டேன், வந்து அடி.

ஒன்றுதான் உறுத்துகிறது. வாசலில் காவலரைப் பார்த்து, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். என்னிடம், "தையலு, டாட்டா!" அதிகாரிகளை நாம் அம்மா அம்மா என்று கூப்பிட்டே அவளைக் குழப்பிவிட்டோம். "நான்தான்டி உன் அம்மா" என்றால் என் இடுப்பைத் தடவி, "சாவி எங்க?" என்பாள். உன்னோடு சேர்ந்து நானும் எத்தனை நாள் சிரித்திருக்கிறேன்! நேற்று சிரிப்பு வரவில்லை.

அவள் முட்டையின் மஞ்சளைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பாள். கவனம்.

உன் தங்கை
தையல்

மார்ச் 21

தங்கச்சிக்கு அக்காவின் ஆசிகள்.

தலையணை எச்சரிக்கை தாமதமாக வந்தது. உறையைத் துவைத்தாயிற்று.

வாண்டு நலம். தெருவில் நாயைப் பார்த்து, "நாய்னா சத்தம் மட்டும்தான்னு நெனச்சேன், காலெல்லாம் இருக்கு!" என்றாள். மதிலுக்கு வெளியே குரைப்பதை மட்டும்தானே கேட்டு வளர்ந்தாள், பாவம். கதவு முன்னால் போய்ப் பேசாமல் நிற்கிறாள், யாராவது திறப்பார்கள் என்று. அவளுக்குப் பின்னால் நானும் நின்றுகொண்டிருந்தேன். என் தம்பி, "என்ன ரெண்டு பேரும் சாமி வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டபிறகுதான், தாழ்ப்பாள் நம் பக்கம் இருப்பது எனக்கே உறைத்தது.

பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் இஸ்திரிக் கடைக்குப் பக்கத்திலேயே. "உங்க அம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று டீச்சர் கேட்டாராம். "கதவைத் தொறப்பாங்க, மூடுவாங்க, திட்டுவாங்க." காவலாளியின் பெண் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

கடிதத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் தனியாக யோசித்தேன்.

பள்ளியில் நாலு பிள்ளைகள் நடுவில் அவளுக்கும் ஒரு அம்மா வேண்டும். உன்னையே அம்மா என்று கூப்பிடச் சொல்லிக்கொடு. மனதாரச் சொல்கிறேன். நான் வெளியே வர இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. அதுவரை இங்கே அழைத்து வந்து அலைக்கழிக்காதே. தையலை அவள் மறந்தால் மறக்கட்டும். நல்ல கையில் இருக்கிறாள், எனக்கு அது போதும்.

தையல்

ஏப்ரல் 24

அடி பைத்தியமே,

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். எனக்கும் ஆசை இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க? "என்னை அம்மான்னு கூப்பிடு" என்றேன். மேலும் கீழும் பார்த்தாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்க்கிறாள். பிள்ளைகள் "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த அம்மாக்கள் தூக்கிக்கொள்கிறார்கள். என் முதுகுவலிதான் உனக்குத் தெரியுமே, நான் கையைப் பிடித்து நடத்தித்தான் கூட்டிவருவேன்.

இன்று நான் இஸ்திரி போடும்போது வந்து கேட்டாள்.

"பெரிம்மா, அம்மான்னா தூக்கிக்கிறவங்களா?"

"ஆமாடி."

"சாவி வேணாமா?"

"வேணாம்."

கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். அப்புறம் முகமெல்லாம் மாறிப்போய், "அப்ப தையலுதான் என் அம்மா! ஐயோ பெரிம்மா, அவளுக்குத் தெரியாதே!" என்றாள்.

செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, தாழ்ப்பாளைத் தானே திறந்து, தெருவில் நிற்கிறாள். இப்போதே போய் உன்னிடம் சொல்ல வேண்டுமாம். உன்னைப் பார்க்க விடும் நாள் வரைக்கும் இவளை எப்படிச் சமாளிக்கப் போகிறேனோ! செவ்வாய்க்கிழமை வருகிறோம். நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி இரு. அவளே சொல்லட்டும்.

வாண்டுவின் பெரியம்மா