கிழித்துப் போட்ட நான்காம் தாள்

காலையிலிருந்து மழை. ஈரச் சுண்ணாம்பும் புளித்த மாப்பசையும் கலந்த அந்த வாடை வந்ததுமே எங்கள் கீழ் லயத்து வீட்டுச் சுவரைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தேன். மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தும் உன் ஊதா மை எழுத்து மறுபடி வெளியே வந்திருந்தது. 'எழுந்து வருகிறான்.' உன் கோணல் 'ழ' கூட அப்படியே இருந்தது.

நம் நாவலுக்குத் திட்டம் போட அந்தச் சுவரில்தான் தாள் ஒட்டினோம். முதலில் நான் மூன்றுதான் கொண்டுவந்தேன். தொடக்கம், சிக்கல், முடிவு. எந்தக் கதையும் இதற்குள் அடங்கும் என்று எங்கோ படித்துவிட்டுப் பெரிய மேதாவி போல உனக்கு விளக்கினேன். மாசி பிறந்தால் சேலை கட்டிக் காமன் கூத்தில் ரதியாக ஆடுகிறவன் நீ. விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இதத்தானே நம்ம ஆளுங்க வருசா வருசம் ஆடுறாங்க. கம்பம் நடுறது, கல்யாணம், காமன எரிக்கிறது. ஆனா நாலாவதா எழுப்புறதுன்னு ஒண்ணு இருக்கு மச்சான். அதுக்கும் ஒரு தாள் ஒட்டு."

கதைநாயகனுக்கு உன் பெயரையே வைக்கச் சொன்னாய். மூன்றாம் தாளில் அவன் சாக வேண்டும். எப்படி என்று பேசிக்கொண்டே நடந்த போதுதான் உங்கள் மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் அந்த வெடிப்பைப் பார்த்தோம். நீ உள்ளே கையை விட்டாய். "சில்லுன்னு காத்து வருது மச்சான்" என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது, கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில். ஓடி வந்து எழுதினோம். மத்தியான நேரம், எல்லாரும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார்கள், காய்ச்சலோடு அவன் மட்டும் லயத்தில் படுத்திருக்கிறான், மேடு சரிந்து லயத்தின் மேல் இறங்குகிறது. வெடிப்பைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் இரண்டு பேருக்கும் அது கதையில் வருகிற வெடிப்பாகிவிட்டது.

நான்காம் தாளில் நீ எழுதியதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதைந்தவன் எழுந்து வந்தால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லித் தாளைக் கிழித்தேன். மை மட்டும் ஏற்கெனவே சுவரில் ஊறியிருந்தது. உன் முகம் விழுந்துவிட்டது.

"எரிச்சதோட கூத்த நிப்பாட்டக் கூடாதுடா. எழுப்பாம விட்டா லயத்துக்கே ஆகாது."

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

பதினோராம் நாள் மேடு இறங்கியது. மத்தியானம். எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நின்றார்கள். உனக்குக் காய்ச்சல்.

மிச்சத் தாள்களை அடுப்பில் போட்டேன். இரண்டு வருடமாகப் பேனாவைத் தொடவில்லை. இன்று அந்தச் சுவரிடம் தோற்றுப்போய், புதுத்தாள் எடுத்து நான்காம் பகுதியைத் தொடங்கினேன். புதைந்தவனை எழுப்பி மேட்டிலிருந்து இறக்கினேன். கதவைத் திறக்க வைத்தேன். என் முன்னால் உட்கார வைத்தேன். 'உன்மேல் எனக்குக் கோபமில்லை' என்று அவன் சொல்வதாக எழுதத்தான் நினைத்திருந்தேன். அதைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? ஆனால் கை வேறொன்றை எழுதியது.

"கீழ் லயத்துக்குப் பின்னாலயும் வெடிச்சிருக்கு மச்சான். இந்த வாட்டி எழுதாத. போய்ச் சொல்லு."

பேனாவை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால், புல் மறைத்த இடத்தில், இருந்தது. கையை விட்டேன். சில்லென்று காற்று வந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன், தோட்டத்துத் தொரைக்கும் கிராம சேவகருக்கும் போன் போட்டேன். பிள்ளைகளையும் கிழவர்களையும் பாயோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். பின்னேரம் நாலரைக்கு மேடு இறங்கும் அந்தச் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தோம். எல்லாரும் இருந்தார்கள்.

இதைப் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வலது உள்ளங்கை இன்னும் சில்லென்றே இருக்கிறது. தேநீர்க் கோப்பையைப் பிடித்தும் சூடேறவில்லை. சுவரும் நம் நாவலும் மண்ணுக்குள் போய்விட்டன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தோட்டத் தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"புல்லு மூடிக் கெடந்த வெடிப்பு. ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

உன் பெயரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, மச்சான்.