ஏசிக்குள் இருந்த கேஸ்

என்னங்க,

போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். இப்போ குரோம்பேட்டையில அம்மா வீட்டுல இருக்கோம்.

நம்ம முடிச்சூர் வீட்டு ஏசி மறுபடியும் குளிரலை. மாத்திடலாமா, இன்னொரு கோடை ஓட்டலாமான்னு கேக்கத்தான் மெக்கானிக் டெனிஸைக் கூப்பிட்டேன். பாப்பா ஏசிக்கு நேர் கீழே தொட்டில்ல தூங்கிட்டிருந்தா. கேஸ் கசிவு பார்க்கிற கருவியை அவர் ஏசி பக்கத்துல கொண்டுபோனதும் அது விடாம கத்துச்சு. அவர் முகமே வெளுத்துப் போச்சு.

"அக்கா, எந்த சுவிட்சையும் தொடாதீங்க! பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க!"

வெறுங்காலோட தெருவுல நின்னேன். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்தப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பழைய ஏசிக்கான கேஸ் இப்போ லேசுல கிடைக்காதாம். அதுக்குப் பதிலா யாரோ தீப்பிடிக்கிற கேஸை ஏத்தியிருக்காங்க. ஒரு பொறி பட்டிருந்தா போதுமாம்.

"சார்கிட்ட சொல்லித்தானே போட்டிருப்பாங்க?"ன்னு கேட்டார்.

ஏசியைக் கழட்டச் சொல்லிட்டேன். நீங்க மஸ்கட்லேர்ந்து வர்றவரைக்கும் காத்திருக்கப் போறதில்லை, புதுசு நானே வாங்கிக்கிறேன்.

போன வருஷம் லீவுல வந்தப்போ கேஸ் போட ஆள் கூட்டிட்டு வந்தது நீங்கதான். "இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்"னு சிரிச்சீங்க. என்ன கேஸ்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. நான் நம்பிடுறேன்.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா