எப்பவும் லோடுதான்

மார்ச் 4, செவ்வாய்

டிப்பர் லாரியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. இன்று குவாரியிலிருந்து இறங்கும்போது வண்டி ஒவ்வொரு குழிக்கும் மூன்று முறை தலையாட்டியது. அண்ணனிடம் சொன்னேன். "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். வண்டி அவருடையது, முதுகு என்னுடையது. எங்கள் பாகப்பிரிவினை அப்படி.

மார்ச் 6, வியாழன்

'இப்படியே ஓட்டினா டயரைத் தின்னுடும்' என்று மெக்கானிக் சொன்னதும் அண்ணன் உடனே கடைக்குக் கிளம்பினார். டயர் என்றால் பதறுகிறார்.

நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. கடைக்காரர் விவரமானவர். எந்த ரோடு, எத்தனை டன் என்று முதலில் விசாரித்தார். முழுக்க மண் ரோடு, கல்லும் குழியும், ஒரு வழி நாற்பது கிலோமீட்டர் என்றேன். இரண்டு ஜோடி ஷாக் எடுத்து வைத்தார். ஒன்று இறுக்கமானது, பாரத்துக்கென்றே செய்தது. இன்னொன்றில் அடியில் ஒரு திருகு. லோடு இருந்தால் இறுக்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தளர்த்திக்கொள்ளலாம்.

"இறுக்கமானத காலி வண்டியில போட்டா கட்டையில உக்காந்த மாதிரிதான். குழி ஒவ்வொண்ணும் நேரா டிரைவர் முதுகுக்கு வரும். உங்க வண்டி காலியா ஓடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நம்ம வண்டி காலியா ஓடுறதே இல்லைங்க. எப்பவும் லோடுதான்."

பச்சைப் பொய். கல் ஏற்றிக்கொண்டு இறங்குகிறோம், வெறும் தொட்டியோடு ஏறுகிறோம். குவாரிக்கு யார் என்ன சாமான் அனுப்பப் போகிறார்கள்? ஆனால் வண்டி முதலாளிக்குக் காலி வண்டி கௌரவக் குறைச்சல். பக்கத்தில் இன்னும் இரண்டு முதலாளிகள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில், 'இல்லண்ணே, பாதி வழி காலிதானே' என்று நான் சொன்னால் அண்ணன் முகம் என்ன ஆகும்?

இறுக்கமான ஜோடியை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். நாற்பத்திரண்டு வயது எனக்கு. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

லோடோடு இறங்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறும்போது — ஐயோ.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். "காலியா ஏறுறப்ப தூக்கித் தூக்கிப் போடுதுண்ணே. மாத்திடலாம்."

"புதுசு அப்படித்தான் இருக்கும். பழகிடும்டா."

யாருக்குப் பழகும்? ஷாக்குக்கா, எனக்கா? கேட்கவில்லை. மெதுவாக ஓட்டச் சொன்னார். மெதுவாக ஓட்டினால் மூன்று நடை இரண்டாகும், அதற்கும் அவரிடமே பேச்சு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. மனைவி மாட்டிவிட்டாள். தானே போய் அண்ணனிடம் பேசவா என்றாள். வேண்டாம் என்றேன்.

"நீங்களும் பேச மாட்டீங்க, என்னையும் பேச விட மாட்டீங்க. நல்ல குடும்பம்."

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இனி லாரி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாதாம். இருபது வருஷம் ஓட்டினேன். வேற என்ன தெரியும் எனக்கு? என் ஷாக்கும் போச்சு, இதுக்குக் கடை எங்க இருக்கு?

அண்ணன் பழத்தோடு பார்க்க வந்தார். "வயசாகுதுல்ல" என்றார். பாவி. என்னைவிட ஒன்பது வருஷம் மூத்தவர் அவர்.

மே 9, வெள்ளி

அண்ணன் மருமகனுக்குக் கம்பெனியில் வேலை போய்விட்டது. இனி டிப்பர் அவர் கையில். நல்ல மனிதர்தான், ஆனால் மண் ரோட்டுக்குப் புதுசு. என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

மே 12, திங்கள்

ஷெட்டுக்குப் போனேன். பின்சக்கரத்தடியில் மெக்கானிக் படுத்திருந்தார். புது ஜோடி மாட்டுகிறார். அடியில் திருகு! யாரும் கேட்கவில்லை, அண்ணனே போய் வாங்கி வந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை உக்கார்ற வண்டியாச்சே" என்று மெக்கானிக் கண்ணடித்தார்.

கழற்றிய ஜோடி தரையில் கிடந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை.

மே 13, செவ்வாய்

மாப்பிள்ளை திருகைக் காட்டி, "மாமா, இத எந்த நம்பர்ல வைக்கணும்?" என்றார்.

தெரியாது என்று சொல்லிவிடலாமா? அப்படியும் ஒரு கணம் நினைத்தேன், டைரியில் எதற்கு மறைக்க வேண்டும். ஆனால் அவர் முதுகு எனக்கு என்ன துரோகம் செய்தது?

"காலியா ஏறுறப்ப ரெண்டுல வைங்க. லோடு ஏத்தினதும் ஏழு. இறங்கித் திருகச் சோம்பல்படாதீங்க."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். 'காலியா' என்றது அவர் காதில் நன்றாக விழுந்தது. மறுக்கவில்லை. என் தோளில் கை வைத்தார்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே. அன்னைக்குக் கடையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

கேலி இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.